நூற்றுக்கு முப்பது கோழி

கணக்கில் முதுகலைப் பட்டம் வாங்கியவள் கோழி வளர்த்தால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் முல்லையடிக்குப் போகலாம். குலசேகரத்திலிருந்து திற்பரப்புக்குப் போகும் பஸ்ஸில் ஏறி, அருவிக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, ரப்பர் தோட்டத்துக்குள் கால் மணி நேரம் நடக்க வேண்டும். பத்தொன்பது வீடுகள், ஒரு மாடன் கோயில், ஒரு சின்ன ஜெபவீடு, அவ்வளவுதான் ஊர். ஒன்பதாவது வீட்டுக் கேட்டில் ஒரு தகரப் போர்டு தொங்கும். ‘கணக்கு டியூஷன், சண்முகவடிவு எம்.எஸ்ஸி.’ அதன் மேல் ஒரு கோழி உட்கார்ந்திருந்தால் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள்.

வடிவுக்கு நாற்பத்தேழு வயது. நாகர்கோவிலில் படித்துத் தேர்வு முடிவு வந்த அதே மாதத்தில் கல்யாணமும் முடிந்துவிட்டது. கணவர் சுயம்பு ஷார்ஜாவில் ஸ்டோர்கீப்பர், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். அந்தப் போர்டு அப்படி ஒரு விடுமுறையில் அவர் தன் கையால் எழுதியது. மகள் அஞ்சலி நாகர்கோவிலில் பொறியியல் படிக்கிறாள், காலை ஆறரை பஸ்ஸுக்கு ஓடுகிறவள். படித்த படிப்பு வீணாகப் போயிற்றே என்று வடிவு மூக்கைச் சிந்திக்கொண்டு இருந்தவள் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கெல்லாம் அவளுக்கு நேரமில்லை. அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். பஸ் எத்தனை நிமிஷம் தாமதம், எந்தக் கோழி வாரத்தில் எத்தனை முட்டை, பக்கத்து வீட்டு நேசம்மாள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை ‘ஏட்டி வடிவு’ என்று கூப்பிடுகிறாள். கடைசிக் கணக்கில் சராசரி பதினான்கு.

போன வருஷம் பங்குனியில் ஊருக்குள் கோழிச்சீக்கு வந்தது. வெள்ளையாகக் கழியும், கழுத்து திருகிக்கொள்ளும், இரண்டாம் நாள் கோழி இருக்காது. வடிவு பழைய நோட்டு ஒன்றை எடுத்து, எந்தத் தேதியில் எந்த வீட்டில் எத்தனை என்று எழுத ஆரம்பித்தாள். வேறு என்ன செய்வாள்? அழுதுகொண்டேதான் எழுதினாள். இருபத்து மூன்று நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு கோழிகளில் ஒன்பது மிஞ்சியது. ஊரில் கூவ ஒரு சேவல் இல்லாமல் ஒரு வாரம் பாதிப்பேர் பஸ்ஸைத் தவறவிட்டார்கள். வடிவின் வீட்டில் தப்பியது ஒரே ஒரு கறுப்புப் பெட்டைக்கோழி. அதற்கு அஞ்சலி ‘மிச்சம்’ என்று பெயர் வைத்தாள்.

மழைக்காலம் முழுவதும் அந்த நோட்டோடு வடிவு அடுக்களைத் தரையில் உட்கார்ந்தாள். தரையில் பதித்த டைல்ஸ்தான் வீடுகள். ரப்பர் விதைகள் கோழிகள். ஒரு விதையில் சுண்ணாம்பு தடவிவிட்டால் அதற்குச் சீக்கு. தாயக்கட்டையை உருட்டினால், அடுத்த விதைக்குப் பரவுமா பரவாதா என்று தெரியும். உருட்டி உருட்டிக் கை வலித்த பிறகு அதையே அஞ்சலியின் லேப்டாப்பில் ஏற்றினாள். நோட்டில் உள்ள சாவுகளோடு ஒத்துவரும்படி எண்களை மாற்றி மாற்றிப் பார்த்ததில், ஒரு சீக்குக் கோழி சராசரியாக மூன்றேகாலுக்குக் கொஞ்சம் மேலே கோழிகளுக்குக் கொடுத்துவிட்டுத்தான் சாகிறது என்று தெரிந்தது. தடுப்பூசி போட்ட கோழி நடுவில் நின்றால் அந்த வழி அடைபட்டுப்போகும். நூற்றில் எழுபது வழி அடைபட்டால், ஒரு சீக்குக் கோழியால் இன்னொரு கோழிக்குக்கூட முழுசாகக் கொடுக்க முடியாது. சீக்கு தன்னாலே அணைந்துவிடும்.

“அம்மா, சாம்பாரு கருகுது” என்றாள் அஞ்சலி.

“கருகட்டு மக்கா. எழுவது வந்தாச்சு.”

அன்று அவளுக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இந்தக் கணக்கைப் பெரிய ஊர்களில் பெரிய ஆட்கள் மனிதர்களுக்காக எப்போதோ போட்டு முடித்துவிட்டார்கள் என்பது அவளுக்கும் தெரியும். இருக்கட்டுமே. முல்லையடிக் கோழிக்கு யாரும் போடவில்லை அல்லவா?

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் பத்தொன்பது வீட்டுக்காரர்களையும் தன் முற்றத்துக்குக் கூப்பிட்டு, சுக்குக்காப்பி கொடுத்து விஷயத்தைச் சொன்னாள். கால்நடை மருந்தகத்து ஆபேலும் வந்திருந்தான். மருந்துக் குப்பியைத் திறந்து கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், ஒரு குப்பி நூறு கோழிக்கு, அதனால் எல்லாரும் ஒரே நாளில் கொண்டுவர வேண்டும் என்று அவன் சொன்னான். ஊர் தலையாட்டியது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கண்டுபிடித்ததைச் சொல்லாமல் இருக்க முடியாத ஜாதி இந்தக் கணக்குக்காரர்கள்.

“ஊருல உள்ள எல்லாக் கோழிக்கும் வேணும்ணுகூட இல்ல” என்றாள் வடிவு. “நூத்துக்கு எழுவதுக்குப் போட்டாப் போதும். மீதி முப்பதுக்கும் அதுவே காவலு.”

நல்ல காரியம் கெட்டது இந்த ஒரு பேச்சால்தான். மறுநாள் காலையில் ஐந்து வீட்டுக்காரர்கள் நாற்பத்து மூன்று கோழிகளைக் கொண்டுவந்தார்கள். மற்ற பதினான்கு வீடும் வரவில்லை. ஆபேல் இரண்டு மணி நேரம் காத்திருந்து, பாதிக்கு மேல் மருந்து இருந்த குப்பியைக் கொட்டிவிட்டுப் பைக்கை எடுத்தான். அவன் முகத்தைப் பார்க்க வடிவுக்கு வெட்கமாக இருந்தது. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நேரே நேசம்மாள் வீட்டுக்குப் போனாள்.

நேசம்மாள் அறுபதைத் தாண்டியவள். அண்டி ஆபீசில் முப்பது வருஷம் முந்திரி உடைத்தவள். அங்கே கிலோக் கணக்கில் யாரும் அவளை ஏமாற்றியதில்லை என்பது ஊரறிந்த செய்தி.

“நேசம்மாக்கா, ஏன் வரல்ல?”

“ஏட்டி வடிவு, நீ நேத்து சொன்னது எனக்கு நல்லா மனசிலாச்சு. எழுவது போட்டாப் போதும், முப்பது சும்மா தப்பிச்சுக்கிடும். எனக்கு உள்ளதே பதினாலு கோழி. அது அந்த முப்பதுல இருந்துட்டுப் போட்டு.”

“எல்லாரும் முப்பதுல இருந்தா எழுவதுல யாருக்கா இருப்பா?”

“அதை நீதான் பாக்கணும். நீதானே கணக்கு படிச்சவ.”

அவள் சொன்னதில் பிழை ஒன்றுமில்லை, அதுதான் வடிவுக்கு எரிச்சல். மற்றவர்கள் போட்டுக்கொண்டால் நமக்கு ஊசியும் வேண்டாம், கோழி பிடிக்கிற அலைச்சலும் வேண்டாம், காவல் மட்டும் கிடைக்கும். பதினான்கு வீடும் தனித்தனியே உட்கார்ந்து இதே கணக்கைச் சரியாகப் போட்டிருந்தது. சரியான கணக்குகள் பதினான்கு சேர்ந்தால் ஒரு பெரிய தப்பு வரும் என்பதை வடிவு அன்றைக்குத்தான் முழுசாக விளங்கிக்கொண்டாள்.

“சரி, ஊசியும் போட்டு, பொறவும் சீக்கு வந்து ஊரு கோழியெல்லாம் செத்தா நீ என்ன செய்வே?” என்று நேசம்மாள் விடவில்லை.

“எனக்க கணக்கு தப்பாப் போச்சுண்ணா கேட்டுல கெடக்க போர்டை நானே கழத்திப் போடுகேன். பொறவு ஒரு பிள்ளைக்கும் கணக்கு சொல்லிக்குடுக்க மாட்டேன்.”

வாயிலிருந்து வந்துவிட்டது. நேசம்மாளிடம் சொன்னால் ஊருக்கே மைக் வைத்துச் சொன்னதாகத்தான் அர்த்தம். சாயங்காலத்துக்குள் பத்தொன்பது வீட்டுக்கும் தெரிந்தது. அஞ்சலி பஸ்ஸை விட்டு இறங்கும்போதே யாரோ அவளிடம் சொல்லிவிட்டார்கள்.

“அப்பா எழுதின போர்டும்மா அது” என்றாள் அவள்.

“தெரியும் மக்கா.”

இரண்டு நாள் வடிவு துவைக்கிற கல்லில் உட்கார்ந்து கோழிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முல்லையடியில் கோழிகளுக்கு வேலி கிடையாது. நேசம்மாள் வீட்டுக் கோழி வடிவு முற்றத்தில் கிண்டும், வடிவின் கோழி நான்காவது வீட்டு உரக்குழியில் கிடக்கும். ஊசி போட்ட கோழி எது, போடாத கோழி எது என்று பார்த்தால் தெரியாது. யார் போட்டார் யார் போடவில்லை என்பது கண்ணுக்குத் தெரியாத வரைக்கும் முப்பதில் ஒளிந்துகொள்வது சுலபம். இது புரிந்ததும் வடிவு உள்ளே போய், தன் பழைய சிவப்புச் சுடிதார் ஷாலை எடுத்து நாற்பத்து மூன்று துண்டாகக் கிழித்தாள்.

மறுநாள் ஊசி போட்ட கோழிகள் எல்லாம் காலில் சிவப்பு நாடாவோடு நடந்தன. டியூஷன் பிள்ளைகளிடம் அவள் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள், சிவப்பு நாடா இல்லாத கோழியை முற்றத்தில் அண்டவிட வேண்டாம் என்று. பிள்ளைகளுக்குக் கோழி விரட்டச் சொல்லித்தர வேண்டுமா? மற்ற நான்கு வீட்டிலும் அதையே செய்தார்கள். நாங்கள் ஊசி போட்டவர்கள் என்ற கெத்து அவர்களுக்கு. எங்கே போனாலும் ‘சூ’ என்று விரட்டுப்பட்ட நேசம்மாளின் பதினான்கு கோழிகள் வேறு வழியில்லாமல் சொந்த வீட்டிலேயே நாள் முழுவதும் நின்று, அவள் ஆசையாக நட்டிருந்த மரச்சீனிக் கிழங்குப் பாத்தியை அடிவேர் வரைக்கும் கிண்டிப் போட்டன.

நான்காம் நாள் நேசம்மாள் வேலியோரம் வந்து நின்றாள்.

“ஏட்டி, அந்த ஆபேல் இனி எப்ப வருவான்?”

வடிவு சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு தேதியைச் சொன்னாள். அந்தத் தேதியில் பதினான்கு வீடும் வந்தது. முதல் ஆளாக நேசம்மாள் கூடையோடு நின்றாள், பின்னால் வந்தவர்களை வரிசையில் நிற்கச் சொல்லி அதட்டிக்கொண்டும் இருந்தாள். முன்னே போட்டதையும் சேர்த்து நூற்றெண்பதில் நூற்று அறுபத்திரண்டு. குஞ்சும் அடைக்கோழியுமாகப் பதினெட்டுதான் பாக்கி. ஷால் தீர்ந்துபோய் நேசம்மாளின் சிவப்புப் பாவாடையும் கிழிந்தது.

அன்று சாயங்காலம் வடிவு பாயசம் வைத்தாள். பாயசத்தைக் குடித்துக்கொண்டே, சும்மா ஒரு சந்தோஷத்துக்காகப் போன வருஷ நோட்டைப் புரட்டினாள். முதல் பக்கம். கட்டம் போட்டு வீட்டு எண்கள். முதல் நாள் கட்டங்கள் எல்லாம் காலி. ஆனால் ஓரத்தில், கட்டத்துக்கு வெளியே, அவள் கையெழுத்திலேயே சின்னதாக ஒரு வரி இருந்தது. ‘மாடனுக்கு நேர்ந்த சேவல் ஒன்று கோயில் பக்கத்தில் செத்துக் கிடக்கிறது.’

தம்ளரைக் கீழே வைத்தாள்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் சரியாக வேண்டும், வெளிநாட்டு விசா வர வேண்டும் என்று மாடனுக்குச் சேவல் நேர்ந்துவிடுவார்கள். காலில் மஞ்சள் துணி கட்டி விட்டால் அதற்குப் பிறகு அது நேர்ந்தவனுடைய சேவல் இல்லை. கோயில் கொடைத் திருவிழாவில் பலி கொடுக்கும் வரைக்கும் ஊரெல்லாம் சுற்றும், எந்த முற்றத்திலும் மேயும், ஒருவரும் விரட்ட மாட்டார்கள். கோயில் பலாமரத்தில் அடையும். அதைக் கோழி என்றே யாரும் நினைப்பதில்லை. உங்கள் வீட்டில் எத்தனை கோழி என்று ஆபேல் கேட்டபோது ஒரு வீட்டிலும் மஞ்சள் துணிச் சேவலைச் சேர்த்துச் சொல்லவில்லை. எம்.எஸ்ஸி. படித்த வடிவும் சேர்க்கவில்லை. அவளும் இந்த ஊர்க்காரிதானே. போன வருஷம் அதைக் கட்டத்துக்கு வெளியே எழுதியதும், சீக்கு முதலில் இறங்கியது அதன் மேல்தான் என்பது கண்ணில் படாமல் போனதும் அதனால்தான்.

இந்த வருஷம் மஞ்சள் துணிச் சேவல்கள் பதினொன்று. லேப்டாப்பில் பதினொன்றையும் சேர்த்து, எல்லா வீட்டுக்கும் போய்வரும்படி விட்டுப் பார்த்தாள். நூறு தடவை ஓட்டியதில் நாற்பத்தொரு தடவை சீக்கு ஊர் முழுக்கப் பரவியது. மாடன் கோயிலுக்குப் பொறுப்பு குமாரதாஸ். கோயில் டியூப்லைட் ஒவ்வொன்றிலும் ‘உபயம்’ போட்டுத் தன் பெயரை எழுதி வைத்திருப்பவர். தன்னை விட்டு ஊரில் ஒரு காரியம் நடந்தால் மூன்று நாள் சாப்பிட மாட்டார். வடிவு மறுநாள் காலையிலேயே அவர் வீட்டுக்குப் போனாள், கையில் பட்டியலோடு.

“நேர்ந்துவிட்ட சாவலுக்கு ஊசியா?” என்றார் குமாரதாஸ். “அது மாடனுக்க சொத்தாக்கும். தோலுல ஒரு பொட்டு ரத்தம் கண்டா பொறவு அது கொடைக்கு ஆவாது. நீ படிச்ச பிள்ளை, இது தெரியாதா?”

“தெரியும் அண்ணாச்சி. நான் ஊசி போடச் சொல்லல்ல. பட்டியலை ஒரு தடவ பாருங்க, போதும்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். வீட்டு எண், கோழி எண்ணிக்கை, எதிரே சிவப்பு மையில் சரி அடையாளம். ஒன்று முதல் பத்தொன்பது வரைக்கும் எல்லாவற்றுக்கும் சரி. அதற்குக் கீழே இருபதாவதாக ஒரு வரி. சரி அடையாளம் இல்லை.

“இருவதாவது வீடு எது? நம்ம ஊருல பத்தொம்பதுதானே.”

“மாடன் வீடு அண்ணாச்சி. பதினொண்ணு சாவல். ஊருல எல்லா வீட்டுக்காரரும் போட்டாச்சு. அவரு வீடு மட்டும் பாக்கி.”

குமாரதாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் மாட்டினார். போன வருஷம் ஒரு சேவலும் இல்லாமல் பூசணிக்காய் வெட்டிக் கொடையை ஒப்பேற்றியதும், அதை அடுத்த ஊர்க்காரர்கள் இன்றுவரை சொல்லிச் சிரிப்பதும் அவர் மனதில் ஓடியிருக்க வேண்டும். கண்ணில் சொட்டு விடுகிற மருந்தும் இருக்கிறது, ரத்தம் வராது, ஆனால் நான்கு மாசத்துக்கு ஒருமுறை விட வேண்டும் என்று ஆபேல் சொன்னதை வடிவு மெல்ல எடுத்துவிட்டாள்.

“நான் யாரு சொல்ல?” என்றார் அவர் கடைசியில். “அவருக்க சாவல், அவருகிட்டயே கேப்போம். பூக்கட்டிப் பாப்போம்.”

வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். மாடன் முன்னால் வைத்து ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் கிடையாது. வடிவு மனதுக்குள் கணக்குப் போட்டாள். இவ்வளவு பாடுபட்டுக் கடைசியில் பாதிக்குப் பாதியில் வந்து நிற்க வேண்டுமா? அவள் போர்டு, அஞ்சலியின் அப்பா சாய்த்துச் சாய்த்து எழுதிய எழுத்து, ஊரின் நூற்றெண்பது கோழி, எல்லாம் ஒரு வாழையிலைப் பொட்டலத்துக்குள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊரே கோயிலில் கூடியது. ஊர்க்காரர் யார் எடுத்தாலும் பேச்சு வரும் என்று, மருந்துப் பெட்டியோடு ஓரமாக நின்ற ஆபேலையே எடுக்கச் சொன்னார் குமாரதாஸ்.

“நானா? நான் சபைக்காரனில்லியா அண்ணாச்சி” என்றான் ஆபேல்.

“அதனாலதான் டே. நீ ரெண்டு பக்கமும் சாய மாட்டே. எடு.”

அவன் எடுத்துக் கொடுத்த பொட்டலத்தைக் குமாரதாஸ் பிரித்தார். வெள்ளை அரளி. பெண்கள் குலவையிட்டார்கள். இருட்டுவதற்கு முன், சேவல்கள் பலாமரத்தில் ஏறி அடைந்த நேரம் பார்த்து ஒவ்வொன்றாகப் பிடித்து, கண்ணில் ஒரு சொட்டு. குமாரதாஸ் தானே ஒவ்வொரு சேவலையும் மடியில் வைத்துக்கொண்டார். பட்டியலில் இருபதாவது வரிக்கு எதிரே சரி அடையாளத்தையும் அவரே போட்டார்.

மறுநாள் காலையில் கோயில் முற்றம் பெருக்கும் முறை வடிவுக்கு. தூணுக்குப் பின்னால் பிரிக்காத அந்த இன்னொரு பொட்டலம் கிடந்தது. பிரித்துப் பார்த்தாள். அதிலும் வெள்ளை அரளிதான். விளக்குமாற்றைப் பிடித்தபடியே அவள் நின்ற இடத்தில் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதை அவள் இன்று வரை யாரிடமும் சொன்னதில்லை. நீங்களும் குமாரதாஸிடம் கேட்டுவிடாதீர்கள்.

லேப்டாப்பில் மறுபடியும் நூறு தடவை ஓட்டினாள். தொண்ணூற்று நான்கு தடவை சீக்கு வந்த இடத்திலேயே நின்றது. ஆறு தடவை பரவியது. ஆறு என்பது பூச்சியம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

பங்குனி பிறந்தது. மாசியிலேயே அடையில் உட்கார்ந்திருந்த மிச்சம் பன்னிரண்டு குஞ்சு பொரித்தது. குஞ்சு பொரித்த அன்றே மத்தியானம், வேலியைத் தாண்டி வர வேண்டிய நேசம்மாள் தாண்டாமல் அந்தப் பக்கமே நின்று கூப்பிட்டாள். குரல் இறங்கியிருந்தது.

“வடிவு, நான் ஒரு காரியம் செஞ்சு போட்டேன். மருமகன் வாறாருண்ணு முந்தாநாளு சந்தையில ஒரு பெடக்கோழி வாங்கினேன். இண்ணைக்குக் காலையில தூங்கி நிக்குது. கழுத்து ஒரு மாதிரி போகுது. உனக்க குஞ்சு கெடக்கதுனால நான் அங்க கேறல்ல.”

மறைத்து, குழி தோண்டிப் புதைத்துவிட்டு, வாய் திறக்காமல் இருந்திருக்கலாம். போன வருஷம் பல வீட்டில் அப்படித்தான் செய்தார்கள். நேசம்மாள் சொல்ல வந்தாள். வடிவுக்குப் பயமாக இருந்தாலும், அந்த ஒரு விஷயத்துக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஆபேல் வந்து பார்த்து, சீக்குத்தான் என்று உறுதியாகச் சொன்னான். சாயங்காலத்துக்குள் அந்தக் கோழி செத்தது. ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினார்கள். ஆனால் இரண்டு நாள் அது நேசம்மாள் முற்றத்தில் மற்றக் கோழிகளோடு மேய்ந்திருக்கிறது. மஞ்சள் துணிச் சேவல்கள் அந்த முற்றத்துக்கும் போய் வந்திருக்கின்றன.

“குஞ்சுகளுக்கு?” என்று வடிவு ஆபேலிடம் கேட்டாள்.

“ஏழு நாளு ஆகாம சொட்டு விடப்பிடாதுக்கா. தாய்க்குப் போட்டிருக்கதுனால கொஞ்சம் காவல் உண்டு. முழுசா நம்ப முடியாது. மத்த கோழிங்க வழியா வராம இருந்தாத் தப்பிச்சுக்கிடும்.”

அதாவது எல்லாம் அவள் கணக்கின் தலையில். புது நோட்டில் கட்டம் போட்டாள், இந்த முறை இருபது வீட்டுக்கு. ஒவ்வொரு காலையும் தேதி எழுதிவிட்டு ஊரைச் சுற்றி வந்தாள். முதல் நாள், ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் நான்காவது வீட்டுக் கோழி ஒன்று நொண்டியது, வடிவு ஓடிப்போய்ப் பிடித்துப் பார்த்தால் காலில் முள். ஐந்தாம் நாள் ஊரை இரண்டு தடவை சுற்றினாள். போகும்போதும் வரும்போதும் போர்டைப் பார்த்தாள். ஆறு, ஆறு என்று மனம் அடித்துக்கொண்டது. விடிகாலையில் கோயில் பக்கமிருந்து சேவல் கூவல் வரும்போதெல்லாம் எண்ணினாள். குமாரதாஸும் எண்ணியிருக்கிறார் என்பது ஏழாம் நாள் தெரிந்தது.

“பதினொண்ணும் கூவிச்சு, கேட்டியா?” என்று அவர் கேட்டுக்கு வெளியே நின்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றே ஆபேல் வந்து குஞ்சுகளுக்குச் சொட்டு விட்டான். பன்னிரண்டும் இருந்தன. பத்தாம் நாள், பதினைந்தாம் நாள் என்று கட்டங்கள் காலியாகவே நகர்ந்தன. ஆற்றுக்கு அக்கரையில் உள்ள ஊரில் சீக்கு இறங்கி நூற்றுக்கணக்கில் செத்ததாகச் சேதி வந்தது. முல்லையடியில் இருபத்தொன்றாம் நாள் வரைக்கும் செத்தது அந்தச் சந்தைக்கோழி ஒன்றுதான். பங்குனிக் கடைசி வெள்ளியில் மாடனுக்குக் கொடை, முழுக் கொடை. வில்லுப்பாட்டு முடிந்து நன்றி சொல்லும்போது குமாரதாஸ் மைக்கில், “இந்த வருசம் நம்ம ஊரு இருவது வீட்டுக் கோழியும் பத்திரமா இருக்கு” என்றார். வடிவின் பெயரைச் சொல்ல மறந்துவிட்டார். அஞ்சலி கோபப்பட்டாள். வடிவுக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. இருபது என்று அவர் சொன்னாரே, அது போதாதா? ஷார்ஜாவிலிருந்து சுயம்பு வீடியோ காலில் வந்து போர்டைக் காட்டச் சொன்னார். காட்டினாள். அதன் மேல் மிச்சம் உட்கார்ந்திருந்தது.

கொடைக்கு மறுநாள் நேசம்மாள் வேலி தாண்டி வந்தாள். தாய்க்கோழி கீழே இறங்கி, பன்னிரண்டு குஞ்சுகளும் அதைச் சுற்றிக் கிண்டிக்கொண்டிருந்தன. 

“ஏட்டி வடிவு, ஒண்ணு கேக்கட்டா? அண்ணைக்கு முப்பதுண்ணு ஒரு கணக்கு சொன்னியே. இப்ப எல்லாரும் போட்டாச்சே. அந்த முப்பதுல இப்ப யாரு இருக்கா?”

வடிவு கையை நீட்டிக் குஞ்சுகளைக் காட்டினாள்.

“இதுகதான் அக்கா. ஊசி போட முடியாத சின்னதுக. அடைக்கோழி, சொகமில்லாத கோழி. போட முடியாதவங்களுக்குள்ள எடம் அது.”

நேசம்மாள் குனிந்து ஒரு குஞ்சைக் கையில் எடுத்து, அதன் தலையை விரலால் தடவினாள்.

“அப்ப பஸ்ஸுல கைப்பிள்ளக்காரிக்க சீட்டுல இல்லியா நான் கேறி இருந்திருக்கேன்” என்றாள்.

“எழும்பிட்டியளே அக்கா” என்றாள் வடிவு. “அதுதான் கணக்கு.”

நேசம்மாள் குஞ்சைத் தாய்க்கோழியின் பக்கத்தில் பத்திரமாக இறக்கிவிட்டாள்.